தக்கை ஆடுதா, பாப்பா?

“தாத்தா, தக்கை முங்கிடுச்சு!”

பேத்தி கத்தியது படித்துறை முழுக்கக் கேட்டது. தாத்தா அசையவில்லை. “தெரியும் பாப்பா. விட்டுப் பார்க்கிறேன்” என்றார்.

விட்டுப் பார்த்ததில் மீனும் போனது, புழுவும் போனது. வெறும் முள்ளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “சின்னக் குஞ்சு. பெருசா இருந்தா விடுவேனா?” என்று சிரித்தார். பன்னிரண்டு வயசுப் பேத்தியும் நம்பிவிட்டாள். உண்மையில் தக்கை முங்கியது அவருக்குத் தெரியவில்லை. தக்கையே தெரியவில்லை. ஆற்றின் மேல் ஒரு சாம்பல் நிறப் பளபளப்பு மட்டும்தான் தெரிந்தது.

அது 2024 ஆகஸ்ட். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை அந்த வருடம் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். மயிலாடுதுறைக் காவிரி மணலாகக் கிடந்து, கிரிக்கெட் மைதானமாகி, அப்புறம் ஒருநாள் செம்மண் கலரில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்து சேர்ந்தது. புதுத்தண்ணி வந்தால் மீன் எதிரேறும். இத்தனை நாளும் குட்டையில் அடைந்து கிடந்த கெளுத்தியும் கெண்டையும் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்துக் கிளம்பிவிடும். தூண்டில்காரர்களுக்கு அதுதான் தீபாவளி. அந்தத் தீபாவளியில் தாத்தாவால் மத்தாப்பைப் பார்க்க முடியவில்லை.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பத்திரண்டு வருட சர்வீஸ். தோல் பைக்குள் கையைவிட்டால், பார்க்காமலே ஒரு ரூபாய் எது, ரெண்டு ரூபாய் எது, ஐம்பது காசு எது என்று விரலே சொல்லிவிடும். தூண்டில் பழக்கமும் டியூட்டியில் வந்ததுதான். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் 24 கிலோமீட்டர். கடைசி டிரிப்பை அங்கே முடித்தால் ராத்திரி பஸ்ஸிலேயே படுக்கை. விடியற்காலை முதல் டிரிப். நடுவில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் கடற்கரைக்குப் போய் நின்றவருக்கு, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கைத்தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தார். ஆற்றுத் தூண்டிலை அவரே கற்றுக்கொண்டார். வாரத்தில் ஒருநாள் விடுப்பு. ஐப்பசி வரை ஆறு, அப்புறம் கடல். இப்படியே ஒரு மனிதனின் காலண்டர் ஓடியிருக்கிறது.

ஆற்றுத் தூண்டிலில் கண்தான் எல்லாம். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, அதில் ஒரு நெட்டித் துண்டு தக்கை, கீழே முள். பார்க்கிறவர்களுக்கு ஒரு மனுஷன் சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். அவரோ பஸ்ஸில் ஏறுகிறவர் முகத்தைப் படிப்பதுபோலத் தக்கையைப் படித்துக்கொண்டிருப்பார். படபடவென்று நடுங்கினால் ஜிலேபி. புழுவைக் கொத்திக் கொத்தித் தின்னும். ஒரே இழுப்பாக நேரே உள்ளே போனால் விரால். மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் கெளுத்தி. நிற்கிற தக்கை திடீரென்று படுத்துக்கொண்டால், அடியில் மேய்கிற மீன் இரையோடு ஈயத்தையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த ஆப்பிரிக்க மீன்தான் ஜிலேபி என்றும், ஆண் மீன் மணலில் குழி பறிக்க, பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். (இந்த மீனுக்கு ஜிலேபி என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல பசியில் இருந்திருக்க வேண்டும்.)

அப்படிப்பட்டவருக்குத் தக்கை தெரியவில்லை என்றால், அதை வீட்டில் சொல்வது அவ்வளவு சுலபமா?

அவர் சொல்லவில்லை. முதலில் வெயிலைக் குறை சொன்னார். பிறகு நெட்டியின் நிறத்தைக் குறை சொல்லி, பாட்டியின் குங்குமப் பொட்டு பாட்டிலிலிருந்து சிவப்பு எடுத்துத் தடவினார். அப்புறம் கடைத்தெருவில் கண்ணாடியை மாற்றினார். மூன்று மாதத்தில் ரெண்டாவது தடவை. கடைக்காரர் பவரைக் கூட்டிக் கொடுத்தார். சர்க்கரை இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, பதினாலு வருடமாக இருக்கிறது என்று இவரும் சொல்லவில்லை. செய்தித்தாளைப் பாட்டி பக்கம் தள்ளி, “நீ படி, நான் கேட்கிறேன்” என்றார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல்முறையாகத் தன்னைப் படிக்கச் சொல்கிறாரே என்று பாட்டிக்குப் பெருமையாக இருந்தது. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

ஐப்பசி பிறந்தது. துலாக்கட்டத்தில் கூட்டம் வந்தது, கடைமுகம் முடிந்தது, மறுநாள் முடவன் முழுக்கும் முடிந்தது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அந்த மழையில் ஆற்றிலும் தூண்டில் போட முடியாது, கடலிலும் போட முடியாது. வீட்டில் அடைந்து கிடந்த தாத்தாவுக்கு அது ஒருவிதத்தில் நிம்மதி. யாரும் “என்ன தாத்தா, ஒண்ணும் மாட்டலையா?” என்று கேட்க மாட்டார்கள்.

மார்கழியில் கடல் தெளியத் தொடங்கியதும் அவருக்குத் திரும்ப உயிர் வந்தது. காரணம் இருக்கிறது. கடற்கரைத் தூண்டிலில் தக்கை கிடையாது. ஒரு தண்ணீர் பாட்டிலில் நரம்பைச் சுற்றி, நுனியில் ஈயக்கட்டி, அதற்கு மேலே ரெண்டு முள். தலைக்கு மேல் நாலு சுழற்று சுழற்றி வீசினால், அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய் விழும். பிறகு நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அங்கே பார்க்கிற வேலை விரலுக்கு.

டக் டக் என்று ரெண்டு சின்னத் தட்டு தட்டினால் கிழங்கான். அலை அடிக்கிற ஓரத்திலேயே மணலை ஒட்டித் திரிகிற வெள்ளி மீன். வாய் சின்னது, அதனால் முள்ளும் சின்னதாக இருக்க வேண்டும். ஆளையே இழுப்பதுபோலக் கனத்தால் கடல் கெளுத்தி. அதைக் கழற்றும்போது முதுகு முள்ளும் செட்டை முள்ளும் குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விஷ முள். கனம் மட்டும் இருந்து துடிப்பே இல்லையென்றால் நண்டு. திடீரென்று நரம்பு தொய்ந்துபோனால் மீன் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இரையைக் கவ்விக்கொண்டு கரையைப் பார்த்து வருகிறது. ஈயக்கட்டிகூடப் பேசும். வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கே போகும், ஆனி ஆடியில் வடக்கே போகும். போட்ட ஈயம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தாலே, காலண்டர் இல்லாமல் பருவத்தைச் சொல்லிவிடலாம் என்பார் தாத்தா.

டிசம்பர் 26 அன்று மட்டும் அவர் தூண்டிலைத் தொடுவதில்லை. மீனவர்கள் கடலுக்குப் போகாத நாள் அது. 2024-ல் சுனாமி வந்து இருபது வருடம். மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவரின் வீடு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். பேத்தி காரணம் கேட்டாள். “எனக்குத் தூண்டில் கொடுத்தவரு இங்கதான் இருந்தாரு” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

விரல் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்ததில்தான் அவர் தப்புக் கணக்குப் போட்டார். மீன் கொத்துவதை விரல் சொல்லிவிடும். தூண்டிலை எங்கே போடுவது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

கடலை அவர் பேத்திக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்த விதம் அழகானது. “வெள்ளையா உடைஞ்சு வருதே, அங்க அடியில மணல் திட்டு இருக்கு, ஆழம் கம்மி. ரெண்டு வெள்ளைக்கு நடுவுல கருப்பா, அலையே இல்லாத மாதிரி அமைதியா ஒரு சந்து தெரியுதா? அது பள்ளம். கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் கடலுக்குத் திரும்பும். இரையும் அதுலதான் அடிச்சுட்டுப் போகும், மீனும் அங்கதான் காத்திருக்கும். தூண்டில் போட அதைவிட நல்ல இடம் கிடையாது. குளிக்க அதைவிட மோசமான இடமும் கிடையாது.”

இந்தக் கடைசி வரியைக் கடலுக்குக் குளிக்கப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அலை பெரிதாக இருக்கும் இடத்தைப் பார்த்துப் பயந்து, அமைதியாகத் தெரியும் இடத்தில் இறங்கித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இழுக்கிற தண்ணீரோடு கரையைப் பார்த்து நீந்தி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடைகிற இடத்துக்குப் போய்விட்டால் அலையே கரைக்குத் தள்ளும். தாத்தா இதையும் சொல்லியிருந்தார்.

தை மாதம். பொங்கல் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. நாலு கிழங்கான் கிடைத்திருந்தது. இரையாக வைத்த இறாலின் நாற்றம் கையெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பேத்தி மூக்கைச் சுளித்தாள். தாத்தா விரலில் நரம்போடு கடலைப் பார்த்தார். அவருக்கு எல்லாமே ஒரே வெண்மையாகத் தெரிந்தது. “இங்க பள்ளமில்ல. நேரா இறங்கிக் கழுவிட்டு வா” என்றார்.

தாத்தா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? அவள் இறங்கினாள். முழங்கால் தண்ணீர்தான். அலை திரும்பும்போது காலடி மணல் சரிந்தது, அடுத்த நொடி இடுப்பளவு, அதற்கடுத்த நொடி தரை இல்லை. தாத்தாவுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நரம்பை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடியவர், அவள் இருந்த இடத்துக்கு நாலு ஆள் தள்ளிப் போய்த் துழாவிக்கொண்டு நின்றார்.

படகு ஓரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் ஓடிவந்து பிள்ளையைப் பிடித்துக் கரையில் போட்டார். ரெண்டு வாய் உப்புத் தண்ணீர், போன ஒரு ஜோடி செருப்பு. வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இளைஞர் விடவில்லை. “ஏன் கண்டக்டரே, எங்க ஊரு ஆளுக மாதிரி கடலைப் படிப்பீங்களே. பள்ளத்துலயா பிள்ளைய இறக்குவீங்க? கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

அவர் கோபத்தில் கேட்டது. தாத்தா பதில் சொல்லவில்லை. பேத்தி மட்டும் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வை, அந்த இளைஞர் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிலைத்திருந்தது.

பஸ்ஸில் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இறங்கும் முன் பேத்தி, “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் தாத்தா” என்றாள். ஒரு குழந்தை, பெரியவர் ஒருவரின் பொய்யைத் தூக்கிச் சுமக்கத் தயாராகிவிட்டது. அதைவிடப் பெரிய தண்டனை அவருக்குத் தேவைப்படவில்லை.

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், அடுத்த தெருவில் இருக்கும் மகளையும் வரச் சொன்னார். “ஏம்மா, செருப்பு எங்கடி?” என்று மகள் கேட்க, “அலையில போயிடுச்சும்மா” என்றாள் பேத்தி.

“செருப்பு மட்டும் போகல” என்றார் தாத்தா. நடந்ததைச் சொன்னார். ஆகஸ்டிலிருந்து சொன்னார். சிவப்புத் தடவிய தக்கை, ரெண்டு கண்ணாடி, செய்தித்தாள், எல்லாம்.

மகள் அழுதாள், பிறகு கத்தினாள். பாட்டி ரெண்டும் செய்யவில்லை. எழுந்து வந்து எதிரே உட்கார்ந்து, “தக்கை தெரியலன்னா போகட்டுங்க. என் மூஞ்சி தெரியுதா?” என்று கேட்டார்.

“நடுவுல தெரியல. சுத்தித் தெரியுது.”

தஞ்சாவூரில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரியவைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை விழித்திரையைப் பாதித்திருந்தது. ரத்தக் குழாய்கள் கசிந்து, பார்வையின் நடுப்பகுதியில் வீக்கம். டாக்டர் திட்டவில்லை, படம் போட்டுக் காட்டினார். ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்வையும் நன்றாகவே இருக்கும், அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் கண் தெளிவாக இருக்கும்போதே வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது வேறு, இது வேறு. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றதும் தாத்தாவுக்கு வேர்த்துவிட்டது. மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போட்டார்கள். “முள்ளு குத்தினாப்புல இருக்கும்னு நினைச்சேன். அவ்வளவு இல்ல” என்று வெளியே வந்து சொன்னார். மாதம் ஒன்றாகத் தொடர்ந்தது. இடது கண்ணில் கொஞ்சம் தெளிவு வந்தது. வலது கண்ணில் போனது போனதுதான்.

தூண்டில் கம்பு பரணுக்குப் போனது. பாட்டிலையும் நரம்பையும் அவரே பழைய பேப்பர்காரரிடம் போடச் சொன்னார். பாட்டி போடவில்லை, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். மாசி, பங்குனி எல்லாம் அவர் திண்ணையில் உட்கார்ந்தே கழித்தார். ஆற்றிலும் தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது. யாராவது மீன் பற்றிப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவார். பயந்தது கடலுக்கா, தனக்கா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். சந்தையில் மீன் விலை ஏறும். ஒரு சனிக்கிழமை பாட்டி வெறுங்கூடையோடு திரும்பி வந்து, “இந்த வெலைக்கு மீன் வாங்குறதுக்கு நகை வாங்கிடலாம்” என்று அலுத்துக்கொண்டார். கோடை விடுமுறையில் இருந்த பேத்தி உள்ளே போய், அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து வந்து தாத்தா மடியில் வைத்தாள்.

“வேணாம் பாப்பா.”

“நான் தண்ணில இறங்க மாட்டேன். பள்ளம் எங்க இருக்குன்னு நான் பார்த்துச் சொல்றேன். நீங்க விரல வச்சுக்கங்க.”

அவர் மகளைப் பார்த்தார். மகள் உடனே சரி சொல்லவில்லை. ரெண்டு நாள் யோசித்தாள். பிறகு மூன்று கண்டிஷன் போட்டாள்: யாரும் தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது, தாத்தா செருப்பில்லாமல் மணலில் நடக்கக் கூடாது, சர்க்கரைக் காலில் கிளிஞ்சல் கிழித்தால் தெரியாது, முதல்நாள் தானும் வருவாள். முதல்நாள் வந்தவள், மகள் கடலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அப்பா தலைக்கு மேல் ஈயத்தைச் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டு படகு நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

“வெள்ளை, வெள்ளை… அந்தக் கொடிக்கம்பத்துக்கு நேரா கருப்பு தாத்தா. அகலம் ஒரு பஸ் இருக்கும்.”

“டவுன் பஸ்ஸா, விரைவு பஸ்ஸா?”

“மினி பஸ்!”

அன்றைக்கு ரெண்டு கிழங்கானும் ஒரு நண்டும். நண்டை இழுக்கும்போதே தாத்தா நண்டு என்றார், இவள் மீன் என்றாள். பந்தயத்தில் தோற்று ஐந்து ரூபாய் கொடுத்தாள். நாணயத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார். அந்த வலைக்கார இளைஞர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு கை நிறைய இறால் வைத்துவிட்டுப் போனார்.

2025-ல் மேட்டூர் அணையை ஜூன் 12-லேயே திறந்துவிட்டார்கள். சில நாட்களில் படித்துறைக்குப் புதுத்தண்ணி வந்தது. பரணிலிருந்து மூங்கில் கம்பும் இறங்கியது. தக்கை அதே நெட்டித் துண்டுதான், பாட்டியின் குங்குமச் சிவப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி, பையைக்கூட இறக்காமல் ரெண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

“தக்கை ஆடுதா, பாப்பா?”

“ஆடுது தாத்தா. உங்களுக்குத் தெரியுதா?”

“தெரியலம்மா. எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லு.”

“பக்கவாட்டுல… மெதுவா…”

“கெளுத்தி” என்றார் தாத்தா, கம்பை இறுக்கிப் பிடித்தபடி.